இசைவு மடலும் இயந்திரமும்



1812 பிப்ரவரி 27 அன்று இங்கிலாந்துப் பிரபுக்கள் அவையில் கவிஞர் பைரன் தம் முதலுரையை நிகழ்த்தினார். பின்னல்தறிகளை உடைத்த நாட்டிங்காம் தொழிலாளர்க்கு மரண தண்டனை விதிக்க முனைந்த சட்டத்தை அவர் எதிர்த்தார். தறியுடைப்பே இயந்திரத்திற்குத் தொழிலாளர் தரும் மறுமொழி என்னும் எண்ணம் இன்றளவும் நிலவுகிறது. செயற்கை நுண்ணறிவிடம் உடைப்பதற்குத் தறி ஏது?

சாமல்பட்டி, ஊத்தங்கரை, ஓசூர்ப் பகுதிகளில் பிறந்து, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் இளைஞர் பலர். அவர்களுக்கு இது ஏட்டு வினா அன்று.

2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் பணியாளருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரை, நீக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என அதன் தலைமை விளக்கியது. கர்நாடகத்தில் 'கிட்டு' சங்கம் தொழிலாளர் துறையிடம் முறையிட்டது. தமிழகத்தில் 'யுனைட்' சங்கம் ஆர்ப்பாட்டம் நடத்தியது. கட்டாயப்படுத்திப் பதவி விலகல் கடிதம் பெறப்படுகிறது என்பது சங்கங்களின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 'கையொப்பமிடாதீர்' என்பதே இத்துறைச் சங்கங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் முதல் அறிவுரை.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி தகும். 'ராஜினாமா' என்பது பாரசீகச் சொல். 'ராஜி' என்றால் இசைவு, 'நாமா' என்றால் மடல். இசையாதவரிடம் இசைவு மடல் கேட்பது எத்துணை முரண்!

முரண் சொல்லோடு நிற்பதில்லை. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் ஊதிய இழப்பீடும் தர வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளானவர் புதுத்திறன் கற்க மேலும் 15 நாள் ஊதியத்தை நிதியாக வைக்கப் பணிக்கிறது. தாமே விலகியதாக எழுதித் தந்தவருக்கு இவை எவையும் இல்லை. கருவி பறித்தது வேலையை மட்டுமே. உரிமையைப் பறிப்பது ஒரு தாள். ஆகவே அத்தாளில் எழுதாமல் விடும் கையே இன்றைய மறுமொழி எனலாம். தறியுடைப்பினும் அதற்குத் துணிவு குறைவன்று. தனியறையில், அனுபவச் சான்றிதழ் கிட்டுமோ என்னும் அச்சத்தோடு, ஒருவர் தனித்துச் செய்வது அது.

எல்லைப்புறத்தார்க்கு இன்னொரு சுமையும் உண்டு. வீடு ஓசூரில் இருப்பினும், பணியிடம் கர்நாடகம் ஆதலின், முறையீடு பெங்களூருத் தொழிலாளர் துறைக்கே செல்ல வேண்டும்.