கண்ணுக்குத் தெரியாததே!

("வாழ்க்கைக்குத் துணை நிற்பது கண்ணுக்குத் தெரிவதா? தெரியாததா?" என்ற பட்டிமன்றத்தில், ‘தெரியாததே’ என்ற அணியில் பேசியது.)



"கண்ணால் காண்பதே மெய்"னு முழங்கிட்டு எதிரணித் தலைவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு தம்ளர் தண்ணியை மடக்கு மடக்குனு குடிச்சார். ஐயா, அந்தத் தண்ணி பூமிக்குள்ளே இருந்ததைப் பாத்தீங்களா? பாக்காததை நம்பித்தானே குடிச்சீங்க! (சிரிப்பு)

பக்கத்திலே விருத்தாசலம். பீங்கானுக்குப் பேர் போன ஊர். அங்கே மண்ணைப் பிசையறவரைக் கேளுங்க. களிமண் தண்ணியைச் சுலபமா விடாது. மணல் தேக்கி வைக்காதுன்னு சொல்வார். பூமிக்குள்ளேயும் அதே கதைதான். அலமாரியிலே அம்மா மடிச்சு வெச்ச புடவை மாதிரி மணல், களி, மறுபடி மணல்னு அடுக்கு அடுக்கா இருக்கு.

இதோ நெய்வேலி. 1956-இல் நிறுவனம் தொடங்கினாங்க. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே, மணல் அடுக்கிலே அடைபட்டுக் கிடக்குது தண்ணி. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே முட்டுது. மேல்மண்ணை அப்படியே அள்ளினா என்ன ஆகும்? ஆவி அடங்காத குக்கரைத் திறந்தா என்ன ஆகும்னு தாய்மார்களுக்குத் தெரியும்! (கைதட்டல்) அதனாலே முதல்லே துளை போட்டுப் பாத்தாங்க. இராப்பகலா நீரை இறைச்சு, அழுத்தத்தைக் குறைச்சுத்தான் வெட்டினாங்க. அதுக்கும் ஒரு விலை உண்டு. மோட்டார் இல்லாமலே பொங்கின கிணறுகள் பல அடங்கிப் போச்சு. ஓரிடத்திலே இறைச்சா, கண்ணுக்குத் தெரியாத இன்னோர் இடத்திலே இறங்குது.

நீர் மட்டும்தானா? நஞ்சும் அப்படித்தான். நம்ம கடலூரை 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமா மாசுபட்ட பகுதிகளின் பட்டியல்லே சேர்த்தது. மண்ணிலே கொட்டினது மண்ணோட போச்சுன்னு நினைக்கிறோம். மழை அதைக் கரைச்சு, மணல் வழியா இறக்கி, ஊர்க் கிணத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துடும். அதனாலேதான் ஆய்வு செய்றவங்க குறைஞ்சது மூணு இடத்திலே துளை போட்டு நீர்மட்டம் அளக்கறாங்க. மூணு மட்டம் தெரிஞ்சா, நீர் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சிடும்.

என் கதையையும் சொல்லிடறேன். எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். பேரனுக்கு அடிக்கடி வயித்துப்போக்கு. "பக்கத்திலே கழிவுத் தொட்டி கட்டினீங்களே, கீழே என்ன மண்ணுனு பாத்தீங்களா?"னு கேட்டா என் வீட்டுக்காரி. டாக்டர் பட்டம் வாங்கின நான் பாக்கலே! (சிரிப்பு) சோதிச்சா, தண்ணியிலே கிருமி. கீழே முழுக்க மணல்.

கண்ணுக்குத் தெளிவா இருந்த தண்ணிதான் என் பேரனைப் படுக்க வெச்சது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பாத்த கேள்விதான் அவனை எழுப்பி உட்கார வெச்சது. வேலி, வரப்பு எல்லாம் மேலேதான். கீழே ஒரே தண்ணி. அதைக் காப்பாத்தினா அது நம்மைக் காப்பாத்தும்.

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.