தங்கையர்க்குச் சில சொற்கள்



பெரியோர் உங்களுக்குக் கூறும் அறிவுரைகள் பல. நான் பெரியவள் அல்லேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள். நீங்கள் இன்று நிற்கும் படியில் சில ஆண்டுகளுக்கு முன் நின்றவள். அந்த உரிமையோடு பேசுகின்றேன்.

பெண் பூப்பெய்தினால் மாமன் சீர் கொணர்கின்றார். பந்தலிட்டு மஞ்சள் நீராட்டுகின்றனர். ஆனால், அவள் உடலில் நிகழ்ந்தது யாது என்று அவளுக்கு எடுத்துரைப்போர் எத்தனை பேர்? விழாவை ஊர் அறியும். காரணத்தை அவள் அறியாள்!

அது நோயன்று, தீட்டுமன்று. கருப்பை தன் உட்படலத்தைக் களைந்து புதுப்பித்துக்கொள்ளும் இயல்பான செயல். முதல் ஓரிரு ஆண்டுகளில் நாள்கள் முன்பின்னாக வருதலும் இயல்பே. உதிரப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலும், நடமாட இயலாத வலி கண்டாலும் மருத்துவரை நாடுங்கள். துணியைப் பயன்படுத்துவோர் அதனை இருட்டு மூலையில் ஒளித்து வைக்காமல், சோப்பிட்டு அலசி வெயிலில் உலர்த்துங்கள். கீரையும் கேழ்வரகும் உண்ணுங்கள். உடன் நெல்லிக்கனியும் சேர்ந்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

ஒன்பதாம் வகுப்பில் என் தோழி ஒருத்தி மாதந்தோறும் 3 நாள் பள்ளிக்கு வாராள். 10 மாதத்தில் 30 நாள்! கணக்குப் பாடத்தில் அவள் பின்தங்கினாள். "இனிப் படிப்பு எதற்கு?" என்று வீட்டார் பேசத் தொடங்கினர். நாங்கள் மூவர் முறைவைத்து அவளுக்குப் பாடம் எழுதிக் கொடுத்தோம். அவள் தாயாரிடமும் சென்று பேசினோம். இன்று அவள் செவிலியர் பயிற்சி பெறுகின்றாள்.

பருவமடைந்த பெண்களைப் பள்ளியினின்று நிறுத்திய காலத்தில், வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பின்னர்ப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிற் சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பெண்ணின் திருமண வயதை 1929-ஆம் ஆண்டுச் சட்டம் 14 என வகுத்தது. 1978-இல் அது 18 ஆக உயர்ந்தது. அதற்கு முன்னரே உங்கள் வீட்டில் மணப்பேச்சு எழுந்தால், நம்பத்தக்க ஆசிரியையிடம் சொல்லுங்கள். 1098 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். அது பெற்றோரைப் பகைப்பதன்று. உங்கள் வாழ்வைக் காப்பது.

வளர்தல் நாணத்தக்க செயலன்று. ஐயம் எழுந்தால் கேளுங்கள். அறிந்ததை உங்களினும் இளையாள் ஒருத்திக்குச் சொல்லுங்கள். அவள் அச்சமின்றி வளரட்டும்.