மரக்கறி உணவும் சீனியும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உடற்பருமனைக் குறைக்க விரும்பி மச்சமாமிசத்தை விட்டு மரக்கறி உணவை மேற்கொள்வோர் நம்மிடையே பலர் உளர். சிலர் கந்தசஷ்டி விரதத்தோடு தொடங்கி அதனையே தொடர்கின்றனர். சிலர் வைத்தியர் சொற்கேட்டுத் தொடங்குகின்றனர். எக்காரணம் பற்றியாயினும் அது நல்ல காரியமே. ஆயினும் சில மாதங்கள் கழித்துத் தராசில் ஏறி நின்றால், பலருக்கு முள் இறங்கியிருப்பதில்லை. “மீனை விட்டோம், இறைச்சியை விட்டோம், முட்டையையும் விட்டோம், பருமன் மட்டும் நம்மை விடவில்லையே” என்று அவர்கள் மனம் சலிக்கின்றனர். இதன் காரணத்தை ஆராய்வதே எமது இன்றைய நோக்கம்.

காரணம் மிக எளியது. சீனியும் மரக்கறியே! கரும்பு ஒரு புல்லினம். அதன் சாற்றிலிருந்து வரும் சீனியில் மச்சமும் இல்லை, மாமிசமும் இல்லை. ஆதலால் விரதகாரர் எவரும் அதனை ஐயுறுவதில்லை. மீன்குழம்பு நின்ற வீட்டிலே தேநீர்க் கோப்பை நிற்பதில்லை. வெறும் வயிற்றோடு இருப்பவர் களைப்புத் தீர இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்கின்றார். முன்வாயிலை அடைத்துவிட்டுப் பின்வாயிலைத் திறந்து வைத்த கதையாக இது முடிகின்றது.

மரக்கறி உணவு பருமனைக் குறைப்பது எவ்வாறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, புடலங்காய், பயறு, கடலை முதலியவற்றில் நார்ச்சத்து மிகுதி. அவை வயிற்றை நிரப்பும். மென்று தின்ன நேரம் எடுக்கும். பசியை நெடுநேரம் அடக்கும். அளவில் பெரியனவாயினும், கீரையும் காயும் தரும் கலோரி சிறிதே. சீனியின் இயல்போ இதற்கு நேர் மாறானது. அதிலே நாரில்லை, புரதமில்லை, உயிர்ச்சத்துமில்லை. ஒரு கிராம் சீனி நான்கு கலோரி தரும், அவ்வளவே. அதிலும் தேநீரில் கரைந்து இறங்கும் சீனியை வயிறு உணவாகக் கணக்கிடுவதில்லை. ஆகவே அது பசியையும் தீர்ப்பதில்லை.

கணக்கொன்று பார்ப்போம். நாளொன்றுக்கு ஐந்து கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. மட்டமான தேக்கரண்டி ஒன்று ஏறக்குறைய 4 கிராம். ஆகவே நாளுக்கு 40 கிராம், கலோரி 160. ஓராண்டில் அது 14 கிலோ 600 கிராம். நால்வர் கொண்ட குடும்பமாயின் 58 கிலோவுக்கு மேல்! கடையில் நாம் காணும் 50 கிலோ மூட்டையொன்றைத் தேநீரில் மட்டும் கரைத்துக் குடித்து, அடுத்த மூட்டையிலும் கை வைத்துவிடுகின்றோம். பணிஸ், பிஸ்கற், குளிர்பானம் ஆகியன இக்கணக்கிற் சேரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வகுத்த நெறியின்படி, புறத்தே சேர்க்கும் சீனி நாம் பெறும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்கிற்கும் குறையுமாயின் இன்னும் நன்று. 2000 கலோரி உண்பவருக்குப் பின்னைய அளவு 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. மேற்சொன்ன ஐந்து கோப்பைத் தேநீரே அவ்வரம்பைக் கடந்துவிடுகின்றது.

“நாங்கள் சீனி தொடுவதில்லை, பனங்கட்டியும் தேனும் தான்” என்பாரும் உளர். பனங்கட்டியிலே தாதுப்பொருள்கள் சிறிதுண்டு என்பது மெய். ஆயினும் பருமனைப் பொறுத்தமட்டில் அதுவும் சர்க்கரையே. தேனையும் பிழிந்த பழச்சாற்றையும் கூட மேற்படி நிறுவனம் அதே கணக்கிற் சேர்த்துள்ளது. முழுப் பழத்தை அதிற் சேர்க்கவில்லை. தோடம்பழத்தைச் சுளையாகத் தின்றால் நாரும் உடன் செல்லும். ஒன்றோடு வயிறு அமையும். சாறாக்கினாலோ மூன்று பழம் ஒரு குவளைக்குள் அடங்கும். அதன்மேற் சீனியும் விழும். இங்ஙனமே நமது எருமைத் தயிரும். தயிர் நல்லது, அதன்மேற் குவிக்கும் சீனியே கெடுதி.

இது வெறும் உடலழகு பற்றிய பேச்சென்று வாலிபர் எண்ணலாகாது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்விற் சேரவில்லை. நம்மை எவரும் எண்ணவில்லை என்பதனால் நோய் நம்மை எண்ணாது விடுமா? காற்புண் ஆறாது காலை இழந்தவரும், பார்வை மங்கியவரும், சிறுநீரகம் பழுதுற்றவரும் நமது ஊர்களிலும் இருக்கின்றனர். நீரிழிவுக்குப் பல காரணங்கள் உண்டு; சீனி மட்டுமே அதனைக் கொண்டுவருவதில்லை. ஆயினும் மிகையான சீனி பருமனை வளர்க்கும். பருமன் நீரிழிவுக்கு வழி திறக்கும்.

அங்ஙனமாயின் சீனியைக் குறைப்பதில் என்ன தடை? நாவின் ஆசை பாதி, உபசாரம் மறுபாதி. கல்முனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை எந்த வீட்டுப் படியேறினாலும் தேநீர் வாராது போகாது. பாலமுனையிலே முஸ்லிம் நண்பர் வீட்டுக்கு நாம் சென்றாலும், அவர் நம் வீட்டுக்கு வந்தாலும், அன்பின் அளவு சீனியின் அளவாற் காட்டப்படுகின்றது. சீனி குறைந்த தேநீர் கொடுப்பது உலோபித்தனம் என்று தாய்மார் அஞ்சுகின்றனர். “வேண்டாம்” என்று சொல்வது அவமதிப்பு என்று விருந்தினரும் அஞ்சுகின்றனர். இவ்விரு அச்சங்களுக்கும் இடையிலே உடம்பு வருந்துகின்றது. சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் கோப்பையோடு கொடுத்தால் இருவர் மனமும் நோவதில்லை. வேண்டியவர் வேண்டியமட்டும் இட்டுக்கொள்வர்.

சீனியை ஒரே நாளில் ஒழிக்கவும் வேண்டியதில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துவரின் நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். போத்தற் பானம் வாங்குவோர் அதிலுள்ள நிறக்குறியைப் பார்த்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு நம் நாட்டிற் கொண்டுவரப்பட்ட விதிப்படி, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனியிருப்பின் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். அதனிலுங் குறையின் பச்சை. சிவப்புக் குறியுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றிலே பதினொரு கரண்டிக்கு மேற் சீனி உண்டு. ஒன்று மட்டும் எச்சரிக்கை: நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர் உணவை மாற்றுமுன் வைத்தியரைக் கேட்டல் அவசியம். மருந்தின் வேகத்தால் இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருங்கால் உடனே சீனி உண்பதே அவர்க்கு மருந்து.

பெரியோர்களே! கோயிற் சர்க்கரைப் பொங்கலையோ மோதகத்தையோ யாம் குறை கூறவில்லை. விழா நாளிற் கையளவு பெறும் பிரசாதம் எவரையும் பருக்கச் செய்வதில்லை. நாள்தோறும் நினையாமற் குடிக்கும் சீனியே பகை. நம் அம்பாறை மாவட்டத்தின் ஹிங்குராணைப் பகுதியிற் கரும்பு விளைவிக்கும் உழவருக்கும் யாம் எதிரிகள் அல்லோம். உண்ணும் அளவைப் பற்றியே பேசுகின்றோம்.

திருவள்ளுவர் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாக அறத்துப்பாலில் வைத்தார். மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். அம்மருந்ததிகாரத்திலே மூலிகைப் பெயர் ஒன்றேனும் இல்லை. உண்ணும் அளவும் காலமுமே பெரிதும் பேசப்படுகின்றன. இரண்டும் வெவ்வேறு ஒழுக்கங்கள். முன்னையதைக் கைக்கொண்டதனால் பின்னையது தானே நிறைவேறிவிடாது. மீனை விட்டவருக்கும் அளவு என்னும் விரதம் எஞ்சியே நிற்கின்றது.

ஆதலால் வாலிப அன்பர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் நமது சங்கம் அமைக்கும் தாகசாந்திப் பந்தலிலே நிறமூட்டிய சர்பத்துக்குப் பதிலாக மோரும் இளநீரும் குளிர்ந்த தண்ணீரும் வழங்குவோம். சங்கக் கூட்டங்களிலே தேநீரைச் சீனியின்றி ஊற்றி, கிண்ணத்தை அருகில் வைப்போம். இதற்குப் பணச்செலவில்லை, மனத்துணிவு மட்டுமே வேண்டும். இன்று இக்கூட்டம் முடிந்ததும் தேநீர் வரும் என்று அறிகின்றோம். அங்கேயே தொடங்கலாம்.