இடக்கால் பக்கத்துச் சத்தம்

ஆரணியை ஒட்டியிருக்கும் முள்ளிப்பட்டிலிருந்து வருகிறேன். பட்டுத்தறிகள் நிறைந்த ஊர். அங்கே நான் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறேன். உங்களில் பலர் தினமும் ஏறிப் போகிற வண்டிக்குள் ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் பெயர் டைமிங் செயின். பின்சக்கரத்தை இழுக்கிற செயினைச் சொல்லவில்லை. இது இன்ஜினுக்குள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி ஓடுகிற மெல்லிய செயின்.

எல்லா வண்டியிலும் இது இருக்காது. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக். அதில் கேம் திறந்து மூடுகிற வால்வு கிடையாது, ஆகவே இந்தச் செயினும் இல்லை. பழைய புல்லட்டில் இந்த வேலையைப் பல்சக்கரங்கள் செய்கின்றன. மாருதி 800 காரில் ரப்பர் பெல்ட். பழைய அம்பாசடரில் செயின் உண்டு, ஆனால் அது இன்ஜினுக்கு முன்புறம். நான் இன்று பேசப்போவது எங்கள் தெருக்களில் அதிகம் ஓடுகிற வண்டியைப் பற்றி, பழைய ஹீரோ ஹோண்டாவைப் பற்றி.

1984இல் அந்தக் கூட்டு நிறுவனம் தொடங்கியது. 1985இல் சிடி 100 வந்தது. 1994இல் ஸ்ப்ளெண்டர். 2011இல் கம்பெனியின் பெயரே மாறிவிட்டது. ஆனால் டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று எழுதிய வண்டிகள் எங்கள் ஊரில் இன்றும் பாவும் ஜரிகையும் சேலைக்கட்டும் சுமக்கின்றன. 97.2 சிசி இன்ஜின். பிஸ்டன் ஓடும் துளை 50 மில்லிமீட்டர்தான். இவ்வளவு சின்ன இன்ஜின் இத்தனை வருடம் உழைப்பதைத் தினமும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன்மேல் மரியாதை கூடுகிறது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே கிராங்க் சுற்றுகிறது. மேலே ஹெட்டில் கேம் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தக் கணக்கை இரண்டுக்கும் நடுவே காப்பாற்றுவது டைமிங் செயின். இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும்போது கேம் 2500 சுற்று ஓடுகிறது. அதாவது ஒரு நொடிக்குள் நாற்பது முறைக்கும் மேல். தறிக்காரர்களுக்குச் சொல்வதென்றால், ஜக்கார்டு பெட்டியில் அட்டை வரிசை போல. ஓர் அட்டை முன்பின் மாறினால் தூக்க வேண்டிய இழை தூங்கும், புட்டா கலைந்துபோகும். இங்கே வால்வு நேரம் தவறினால் இழுவை போகும், மைலேஜ் போகும். செயின் முற்றிலும் தளர்ந்து பல் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளவும் கூடும்.

நெசவு ஊர்க்காரன் என்பதால் ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஹான்ஸ் ரெனால்ட் என்று சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர். இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில், நெசவு ஆலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்த சிறிய பட்டறை ஒன்றை 1879இல் வாங்கினார். அடுத்த ஆண்டே, பின்னுக்கு மேல் புஷ், புஷ்ஷுக்கு மேல் ரோலர் என்று அமைந்த புதிய சங்கிலியை உருவாக்கினார். சைக்கிள் முதல் கார் இன்ஜின் வரை பிறகு வந்த செயின்கள் பலவற்றுக்கும் அதுதான் மூதாதை. நம் கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் இன்று செயின் செய்கிற பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்த வழியெல்லாம் பின்னோக்கிப் போனால் நெசவாலைக்குச் சங்கிலி செய்த ஒரு பட்டறையில் போய் நிற்கிறோம். எனக்கு இது பெரிய சந்தோஷம்.

சரி, செயின் தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? காதால்தான். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காலையில் வண்டி குளிர்ந்து கிடக்கும்போது கிக்கரை உதையுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் அப்படியே ஓடவிட்டுக் கேளுங்கள். ஹெட்டின் மேலிருந்து, சீரான தாளத்தில் டிக் டிக் என்று வந்தால் அது வால்வைத் தட்டுகிற டேப்பட்; அரைமணி நேர வேலை. கீழிருந்து கனமாக, வண்டி மேடு ஏறும்போது கூடுகிற தடதடப்பு என்றால் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும். டைமிங் செயின் வேறு மாதிரிப் பேசும். நீங்கள் வண்டியில் உட்கார்ந்தால் இடக்கால் பக்கம், மேக்னெட் கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே, சரசரவென்று விடாமல் ஓடும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் அடங்கும். விட்டவுடன், வேகம் இறங்குகிற அந்தக் கணத்தில் ஒருமுறை கரகரத்துவிட்டு மறுபடி சரசரப்புக்குத் திரும்பும்.

அது ஏன் அப்படி? மெதுவாக ஓடும்போது வால்வு ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் கேமை முன்னால் உதைக்கிறது. செயின் ஒரு கணம் தளர்ந்து, மறுகணம் இறுகுகிறது. தேய்ந்த செயினில் அந்தத் தளர்வு அதிகம், அதனால் பக்கத்துச் சுவரில் உரசுகிறது. சந்தேகம் இருந்தால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இடப்பக்க கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பேன். வீட்டில் முயல்பவர்கள் சுற்றுகிற எதன் பக்கத்திலும் கையோ புடவையோ துண்டோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இதற்கு நல்ல காதுகள் உண்டு. வயதான நெசவாளர் ஒருவர் ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓட்டி வரலாமே என்றேன். “வேண்டாம் தம்பி. நேத்து வரைக்கும் இந்தச் சத்தம் இல்ல. என்னமோ உள்ள தளர்ந்து போச்சு, நீ பாரு” என்றார். திறந்து பார்த்தேன். செயின் பெரிதாகத் தேயவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. வாழ்நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர். பலகை விழுகிற சத்தம் இம்மி மாறினாலும் கண்டுபிடிக்கிற காதுக்கு இது தப்பவில்லை. அவர் அப்படியே ஓட்டியிருந்தால் செயினும் போயிருக்கும், செலவும் பல மடங்கு ஆகியிருக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. சேலை வியாபாரத்துக்குக் காஞ்சிபுரம் போய் வருகிற தம்பி ஒருவர். வெளியூரில் எங்கேயோ காட்டி, சத்தத்துக்காக சிலிண்டரை ரீபோர் செய்து, புதுப் பிஸ்டனும் போட்டு வந்திருந்தார். சத்தம் அப்படியே இருந்தது. செயின் பக்கம் யாரும் காது கொடுத்தே பார்க்கவில்லை. நேயர்களே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். சத்தம் எங்கே கேட்கிறது என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

தேய்ந்த செயினைப் பார்த்து, செயின் நீண்டுவிட்டது என்போம். உண்மையில் இரும்புத் தகடு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. எண்பதுக்கும் மேற்பட்ட கண்ணிகள். ஒவ்வொன்றிலும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தத்தில் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தளர்ந்துவிடும். தேய்ப்பது எது? கறுத்துப்போன ஆயில்தான். கிளட்ச் தட்டின் தூளும் கரியும் அதில் மிதக்கின்றன. அந்த ஆயில்தான் செயினுக்கும் போகிறது. அந்நாளில் இந்த வண்டிக்கு வந்த விளம்பரம், பெட்ரோல் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற பொருளில் இருந்தது. மக்கள் ஆயிலையும் சேர்த்து மறந்துவிட்டார்கள். அதிலும் எங்கள் ஊர் ஓட்டம் எல்லாம் குட்டி ஓட்டம்: வீட்டிலிருந்து ஆரணிக் கடைத்தெரு, திரும்ப வீடு. இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. கிலோமீட்டர் குறைவாகத்தானே ஓடியது என்று ஆயிலைத் தள்ளிப்போடுபவர்களின் செயின்தான் என் கடைக்கு முதலில் வருகிறது.

மாற்றுகிற வேலையைக் கொஞ்சம் வேகமாகவே சொல்கிறேன். இடப்பக்க கவரைக் கழற்றி, மேக்னெட்டைப் புல்லர் போட்டு எடுக்க வேண்டும். சுத்தியால் தட்டி எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறும், கிராங்க் முனை அடிவாங்கிவிடும். அதற்கு முன் மேலே ஹெட் பக்கத்து மூடியைத் திறந்து, கேம் ஸ்ப்ராக்கெட்டை விடுவித்து, அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து டென்ஷனர் ஸ்பிரிங்கையும் ராடையும் எடுத்துவிடுவேன். பழைய செயின் கீழ்வழியாக வந்துவிடும். புதியதைக் கட்டுக்கம்பியில் மாட்டி மேலே இழுப்பேன். செயினை மட்டும் மாற்றுங்கள், மற்றது இருக்கட்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பல் கூர்ந்துபோன ஸ்ப்ராக்கெட்டும் கெட்டிப்பட்ட ரப்பர் ரோலரும் புதுச் செயினைச் சில மாதத்திலேயே பழையதாக்கிவிடும். சேர்த்தே மாற்றுங்கள்.

மார்க் வைக்கிற இடத்தில் மட்டும் நான் அவசரப்படுவதே இல்லை. மறுபடி மாட்டிய மேக்னெட்டில் டி என்ற எழுத்து இருக்கும், அது கேஸிலுள்ள கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். அதே நேரம் மேலே கேம் ஸ்ப்ராக்கெட்டிலுள்ள வட்டக்குறி ஹெட்டில் வெட்டியிருக்கிற பள்ளத்துக்கு நேராக வர வேண்டும். அப்போது டேப்பட் இரண்டும் கையால் அசையும். போல்ட்டை இறுக்கி, டென்ஷனரைப் போட்டபின் கிக்கரைத் தொட மாட்டேன். மேக்னெட் நட்டில் ஸ்பேனர் போட்டு, இடமிருந்து பார்க்க இடஞ்சுழியாகக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுவேன். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டு குறிகளும் மறுபடி தத்தம் இடத்துக்கு வந்து நிற்கும்போது கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

புது ஆயில் ஊற்றி, டேப்பட் சரிபார்த்து, ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டியதுதான் மிச்சம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவருக்கு ஒரு கணக்கு, மாற்றாதவருக்கு ஒரு கணக்கு. நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் வண்டியை ஒரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, இடக்கால் பக்கம் குனிந்து கேட்பீர்கள் என்று நம்புகிறேன். சரசரப்பு கேட்டால் அந்த வாரமே காட்டிவிடுங்கள். கேட்கவில்லை என்றாலும் ஆயில் எப்போது மாற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள்.