கேட்டில் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் வேலையும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வேலை தேடும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்காகக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். வேலைவாய்ப்பு நிபுணர் இல்லை. ஆனால் கவுன்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருடைய சம்பளக் கணக்கைப் பார்த்தவன். யாருக்கு மாதம் தவறாமல் வரவு வருகிறது, யாருக்கு ஆறாவது மாதம் நின்றுபோகிறது என்பதெல்லாம் பாஸ்புக்கில் தெரிந்துவிடும். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கம்பெனி?" என்பதுதான். பெரிய பெயராக இருந்தால் சந்தோஷம். கேள்விப்படாத பெயராக இருந்தால் முகம் சுருங்கிவிடும். "அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் குறைவு.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர் பக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1998-ல் அங்கே மிட்சுபிஷி லான்சர் கார் தயாராக ஆரம்பித்தது. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்த பிரிவு கேட்டர்பில்லர் கைக்குப் போனது. லான்சர் கார் நின்றது. அந்தக் கார் ஆலையில் பிறகு சிட்ரோயன் கார்கள் வந்தன. கால் நூற்றாண்டுக்குள் இவ்வளவு மாற்றம். போர்டு எத்தனை முறை மாறினாலும் வெல்டிங், பெயின்ட் ஷாப், தரப் பரிசோதனை, ஸ்டோர்ஸ், கணக்கு தெரிந்த ஆட்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டார்கள். அதனால் பிள்ளைகளே, வேலை தேடும்போது முதலில் ஒரு கம்பெனியின் பெயரை மனதில் வைக்காதீர்கள். என்ன வேலையில் கை தேர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

"பேக்டரி என்றால் மெஷின் ஓட்டுகிற வேலைதானே? நான் டிகிரி படித்தவன் ஆயிற்றே" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். ஒரு லாரி லோடு ஆலைக்குள் வந்து, பொருளாகி, வெளியே போகும் வழியை நினைத்துப் பாருங்கள். வந்த சரக்கை எண்ணிப் பதிவு செய்ய ஸ்டோர்ஸ். அளவு சரியா என்று வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க குவாலிட்டி. மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்ள மெயின்டெனன்ஸ். விபத்து வராமல் பார்க்க சேஃப்டி. வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்க்க டைம் ஆபீஸ். பில் போட்டு லாரியை அனுப்ப டிஸ்பாட்ச்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து லாரி ஏறினால் கொஞ்ச தூரத்தில் எளாவூர், அதைத் தாண்டினால் ஆந்திரா. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். அதில் ஒரு எண் தப்பினால் லாரி வழியில் நிற்கும். அந்த பில்லைச் சரியாகப் போடுகிறவர் ஒரு பி.காம். பிள்ளையாக இருக்கலாம். டேலி, ஜி.எஸ்.டி., எக்செல் மூன்றும் கைவசம் இருந்தால் காக்களூர் சிட்கோவில் இருக்கும் சின்ன யூனிட்டிலிருந்து தேர்வாய்கண்டிகையில் இருக்கும் மிஷலின் டயர் ஆலை வரை அந்த வேலை உண்டு. எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் இரண்டும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. சுங்க ஆவணம், சரக்குப் போக்குவரத்து என்று அங்கே தனி உலகமே இருக்கிறது.

இன்னொன்று. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெலுங்கு தெரியும். பயோடேட்டாவில் அதை எழுதவே மாட்டார்கள். எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. இந்தப் பக்கம் ஆலைகளில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறைய. தெலுங்கும் கொஞ்சம் இந்தியும் பேசுகிற சூப்பர்வைசருக்கு மதிப்பு அதிகம். தெரிந்ததை எழுதுங்கள்.

அனுபவம் இல்லாமல் எப்படி நுழைவது என்று கேட்பீர்கள். அதற்கு அப்ரென்டிஸ் வழி இருக்கிறது. 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு ஆலையில் பயிற்சி பெறலாம். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத் தரமணியில் இருக்கும் தென்மண்டல தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் சட்டத்தைத் திருத்தியபின் பி.ஏ., பி.காம். பிள்ளைகளும் சேரலாம். சேரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "அரசு போர்ட்டலில் என் ஒப்பந்தம் பதிவாகுமா?" பதிவானால்தான் சட்டப்படி அப்ரென்டிஸ். வாய்வார்த்தையில் "டிரெய்னி" என்று சொல்வது வேறு. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்று உறுதி கிடையாது. ஆனால் அடுத்த இன்டர்வியூவில் "ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்" என்று சொல்லலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கணக்கு ஆரம்பிக்க வருகிற பையன் ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்வான். அடுத்த மாதம் வரவு வரும்போது பார்த்தால் ஏதோ ஒரு கான்ட்ராக்டர் பெயர் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே விவரம் புரியும். கான்ட்ராக்டில் சேர்வது தப்பில்லை. பலரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான். சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை: ஆர்டர் யாருடைய லெட்டர்ஹெட்டில் வரும்? எத்தனை மாதத்துக்கு? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? ஓவர்டைமுக்குக் கணக்கு என்ன? ஷிப்ட் பஸ் எதுவரை வரும்? பெண் பிள்ளைகள் என்றால் இரவு ஷிப்ட் முடிந்து பஸ் வீட்டுப் பக்கம் வருமா, கூட்டுரோட்டில் இறக்கிவிடுமா என்பதையும் கேளுங்கள். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போக பேசின் பிரிட்ஜ் போய் மாற வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரமும் சம்பளத்தில் ஒரு பகுதிதான்.

"சி.டி.சி. 20,000" என்று சொன்னால் கைக்கு 20,000 வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 18,000, அதில் பேசிக் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 16,425. கம்பெனி தன் பங்காக பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 585 கட்டுகிறது. அதையும் சேர்த்தால்தான் அந்த 20,000 கணக்கு வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பிடித்தம் உங்கள் பணம்தான். இ.எஸ்.ஐ. இருந்தால் அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் உள்ள ஆஸ்பத்திரிகளில் குடும்பத்துக்கே சிகிச்சை உண்டு. பிடிக்கிறார்களே தவிர கட்டுகிறார்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். யு.ஏ.என். நம்பரைக் கேட்டு வாங்கி, இரண்டாம் மாதமே உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். "பி.எஃப். வேண்டாம், முழுச் சம்பளமும் கையில் தருகிறோம்" என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

தேடுவது எப்படி என்பதற்கு ஒரு கிளார்க்கின் வழி சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்கி லெட்ஜர் மாதிரி கோடு போடுங்கள். தேதி, கம்பெனி, என்ன வேலை, யாரிடம் பேசினேன், அடுத்து எப்போது பேச வேண்டும். ஐந்து கட்டம் போதும். நூறு இடத்துக்குப் போனில் ஒரே பயோடேட்டாவைத் தட்டிவிடுவதைவிட, பத்து இடத்துக்கு அந்தந்த வேலைக்கு ஏற்ற மாதிரி எழுதி அனுப்பி, ஒரு வாரம் கழித்து மரியாதையாக விசாரிப்பது பலன் தரும். பயோடேட்டா ஒரு பக்கம் போதும். "கடின உழைப்பாளி" என்று எழுதுவதற்குப் பதிலாக, செய்த ஒரு வேலையை எழுதுங்கள். அப்பா கடையில் ஜி.எஸ்.டி. பில் போட்டிருந்தால் அதுவும் அனுபவம்தான்.

அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் வெள்ளிக்கிழமைகளில் தனியார் துறை முகாம்கள் நடத்துகிறது. கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகளை மார்க்குக்காக மட்டும் முடிக்காமல் உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

இதையெல்லாம்விட பக்கத்தில் இருக்கும் வழி ஒன்று உண்டு. நம் குடியிருப்பிலேயே ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! லிப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். அவர்களிடம் போய் "அண்ணே, வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால் அவர்களுக்கும் சங்கடம். "உங்கள் டிபார்ட்மென்டில் புதிதாக வருகிறவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். இடம் காலியானால் உங்கள் முகம் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அரசு வேலை, வங்கி வேலைக்கான பரீட்சை எழுத வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வேலையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவன் நான். ஆனால் 2024 குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. முந்நூறு பேருக்கு ஒரு இடம்கூட வரவில்லை. இருபத்திரண்டு வயதில் உட்கார்ந்து இருபத்தாறு வரை பரீட்சை மட்டுமே எழுதிய பிள்ளை, கடைசியில் பேக்டரி கேட்டுக்கு வரும்போது அந்த நான்கு வருடத்துக்குக் காட்ட ஒரு தாளும் இருக்காது. வேலையில் சேர்ந்துகொண்டே படிக்கட்டும். வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பும் உண்டு. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் பிள்ளைக்குப் படிக்க ஒரு மணி நேரம் அமைதி கொடுப்பது நம் பொறுப்பு.

கடைசியாக எச்சரிக்கை. வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஐ.டி. கார்டு, யூனிஃபார்ம், டெபாசிட் என்று உங்களிடம் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். "உன் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு, இதுதான் வேலை" என்று யாராவது சொன்னால் அது திருட்டுப் பணம். நாளை போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். ஏற்கெனவே சிக்கியிருந்தால் பயந்து மறைக்காமல் அன்றே 1930-க்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைத்தால்தான் நஷ்டம் பெரிதாகிறது. பெற்றோரும் அந்த நேரத்தில் திட்டாமல் கூடப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சங்க அறையில் இருப்பேன். பயோடேட்டாவோ ஆஃபர் லெட்டரோ கொண்டுவாருங்கள், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். ஆலைகளில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள் மாதம் ஒருவராவது வந்து, தன் டிபார்ட்மென்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தர விரும்புபவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.