காய்ச்சலில் கேட்கும் இதய ஒலி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பில் இதயம் பற்றிய பாடம் வரும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு வேலை செய்வேன். பழைய சார்ட் தாளைக் குழல்போலச் சுருட்டிக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவர் நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொல்வேன். பையன்கள் பையன்களுக்கு, பெண்கள் பெண்களுக்கு. 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் செய்ததும் இதைத்தான். ஸ்டெதஸ்கோப் பிறந்தது ஒரு காகிதச் சுருளில். வால்வுகள் மூடும் ‘லப்’, ‘டப்’ இரண்டும் மெல்லக் கேட்கும். பிறகு மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வரச் சொல்வேன். இப்போது ‘லப்’ ஓங்கிக் கேட்கும். ‘டப்’புக்கும் அடுத்த ‘லப்’புக்கும் நடுவே இருந்த ஓய்வு சுருங்கிப்போயிருக்கும்.

காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் இதயமும் இப்படித்தான், படுத்தபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். இதை நான் பல ஆண்டுகள் பாடமாக மட்டும்தான் சொல்லி வந்தேன்.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கோ-கோ அணியில் அவளைத் துரத்திப் பிடிக்க ஆள் கிடையாது. மருத்துவக் குழு வந்த நாளில் காய்ச்சலோடு வந்திருந்தாள். நெஞ்சைக் கேட்ட மருத்துவர், “லேசாக ஒரு மர்மர் கேட்கிறது, மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் மேல் பிழையில்லை. அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்த நான்தான், “இதயத்தில் ஏதோ கோளாறாம்” என்று சொன்னேன். மாலைக்குள் தெரு முழுக்க அது ‘இதயத்தில் ஓட்டை’ ஆகிவிட்டது. நான்கு மாதம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கவும் விடவில்லை. “நாளைக்கு இவளை யார் கட்டிக்குவா?” என்று பாட்டி அழுதிருக்கிறார். பயத்திலேயே மருத்துவமனைக்குப் போகாமல் இருந்து, கடைசியில் போய் எக்கோ எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. அன்று அந்த முணுமுணுப்பும் கேட்கவில்லை. “முதலில் பார்த்த அன்று பிள்ளைக்குக் காய்ச்சலா?” என்று அந்த மருத்துவர் கேட்டிருக்கிறார். சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். மதகைக் கூடுதலாகத் திறந்தால் அதே வாய்க்கால் சலசலக்கும். வாய்க்காலில் உடைப்பு ஒன்றும் இல்லை, ஓட்டத்தின் வேகம்தான் கூடியிருக்கிறது. காய்ச்சலில் இரத்தம் வேகமாகப் பாய்வதால் நல்ல இதயத்திலும் முணுமுணுப்பு எழும். ஏற்கெனவே மெலிதாக இருந்தது உரத்துக் கேட்கும். இரத்தசோகையிலும் இப்படி உண்டு. வாரந்தோறும் நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசுவதைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். 1909இல் லண்டனின் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில், நோயற்ற குழந்தைகளிடம் கேட்கும் இசை போன்ற ஒரு முணுமுணுப்பை எழுதி வைத்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. தீங்கற்ற இத்தகைய ஒலி குழந்தைப் பருவத்தில் ஏதாவது ஒரு சமயம் மிகப் பலருக்குக் கேட்கக்கூடியது.

அதற்காக, ‘காய்ச்சல்தானே’ என்று விட்டுவிடலாமா? கூடாது. இதயத்தையே கெடுக்கிற காய்ச்சல் ஒன்று உண்டு. அது நம் வகுப்பறை வயதில்தான் வருகிறது, 5 முதல் 15 வயதுக்குள். ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வந்து, அது ஆறியும் போயிருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். இன்று முழங்காலில் இருக்கும் வலி நாளை கணுக்காலுக்குப் போகும். கிருமியை எதிர்க்க உடல் தொடுத்த தாக்குதல் இதய வால்வுகள் மேலும் பாய்கிறது. பெரும்பாலும் அடிபடுவது ஈரிதழ் வால்வு. இங்கே கேட்கும் முணுமுணுப்பு, சரியாக மூடாத வால்வு வழியே இரத்தம் பின்னோக்கிக் கசியும் ஒலி. காய்ச்சல் இறங்கினாலும் அது நிற்காமல் போகலாம்.

இந்த நோயில் ஆசிரியர் கண்ணில் முதலில் படக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்கு, தொண்டை வலி போய்ச் சில மாதம் கழித்துக்கூட, கைகால்கள் தாமாகவே துள்ளும். நேற்று வரை முத்துமுத்தாக எழுதியவன் எழுத்து கோணலாகும். பேனா நழுவும், முகம் சுளிக்கும், காரணமில்லாமல் அழுவான். நாம் என்ன செய்வோம்? பத்து முறை எழுதிவா என்போம். நானும் ஒருவனுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் அவன் சத்துணவுத் தட்டைக் கீழே போட்டபோதுதான், இது சேட்டை இல்லை என்று எனக்கு உறைத்தது. இப்போது அவன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசிக்குப் போகிறான். பல ஆண்டுகள் போட வேண்டிய ஊசி. ஒன்று தவறினாலும், அடுத்த தொண்டை வலி வால்வை மேலும் கெடுக்கலாம். ஊசி நாளில் விடுப்பு என்று வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நாளில் தேர்வு வைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே இதயக் குறை உள்ள குழந்தைக்கோ, வால்வு பழுதான குழந்தைக்கோ நாள் கணக்கில் காய்ச்சல் விடாமல் அடித்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கக் கூடாது. கிருமி இதயத்தின் உட்சுவரிலேயே தங்கியிருக்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் விழுங்கிய ஆன்டிபயாடிக் அதை மறைத்துவிடும்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு நம் பள்ளிகளுக்கு வருகிறது. பிறவி இதயக் குறையும் ருமாட்டிக் இதய நோயும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உள்ளன. குழு வரும் நாளில் நாம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதோடு நின்றுவிடுகிறோம். அந்தக் கோ-கோ மாணவிக்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். அன்று யாருக்குக் காய்ச்சல், எவ்வளவு, கடந்த மாதம் யாருக்குத் தொண்டை வலி, யாருக்கு மூட்டு வலி என்று வகுப்பாசிரியர் எழுதி மருத்துவர் மேசையில் வைப்பார். முணுமுணுப்பு கேட்டதாகச் சீட்டு வந்தால் பெற்றோரிடம் போனில் சொல்வதில்லை. பள்ளிக்கு வரவழைத்து உட்காரவைத்து, “காய்ச்சலில் ஒரு சத்தம் கேட்டது. காய்ச்சல் விட்டதும் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்கிறார்கள், எந்த நாளில் போகலாம்?” என்று கேட்கிறோம். தேதியை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்கிறோம். அந்தத் தாளின் நகல்கள் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.