எங்கள் வீட்டுச் சாமான்களின் நிறம்
(நூற்றாண்டுப் படக்காட்சியின் தொடக்கத்தில், காட்சிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்தக் காட்சிக்காக முதலில் பழைய படங்களைத்தான் தேடினோம். அதிகம் கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் காரைதீவுக் கடல் கொண்டுபோனவற்றில் எங்கள் அல்பங்களும் அடங்கும். தப்பியவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வகுப்புப் படம், கலியாணப் படம், ஸ்ரூடியோவில் நிமிர்ந்து நின்ற படம். அவற்றில் எங்கள் தாய்மாரின் முகம் இருக்கிறது. அவர்கள் நாள் முழுக்கப் புழங்கிய குசினி இல்லை. எங்களில் அக்கா தங்கை இருவர், அம்மாவின் கூறைச்சேலை அரக்கா, கத்தரிப்பூ நிறமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். கேட்டறிய அம்மா இல்லை, சேலையும் இல்லை.

ஆகவே ஆளுக்கொரு வீட்டுச் சாமானை வண்ணப் படமாக எடுப்பதென்று தீர்மானித்தோம். “சட்டி பானையையா படம் எடுக்கிறது?” என்று வீட்டிலே சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்புப் புதிதல்ல. 1976இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் எகிள்ஸ்டன் தமது வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். கலைப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பலர் எண்ணியிருந்த காலம். விமர்சகர்கள் ஏளனம் செய்தனர். அவர் எடுத்த படங்களில் ஒன்று, ஒரு பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள். நிலத்தோடு தாழ்ந்து எடுத்ததால், பின்னாலுள்ள வீடுகளை விட அது பெரிதாய் நிற்கிறது. இன்று அந்தக் காட்சியை வண்ணப்படக் கலையின் திருப்புமுனை என்கிறார்கள்.

நாங்களும் குனிந்து பார்த்தோம். காலை வெயில் கடற்பக்க யன்னலால் சாய்ந்து விழும் நேரமே நல்லது. பிளாஷ் வேண்டாம் என்று கண்டோம். அம்மியில் மஞ்சளும் செத்தல் மிளகாயும் கறுப்பு வெள்ளையில் வெறும் சாம்பல்; வண்ணத்தில் அரைத்த கையே நினைவுக்கு வருகிறது. கொடியில் காயும் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் பின்னால் வெயில் நின்றால், ஒவ்வொரு நூலும் தெரிகிறது.

சாய்ந்தமருதிலிருந்து வந்து எங்களோடு படித்த தோழி, தன் உம்மாவின் பித்தளைப் படிக்கத்தை எடுத்திருக்கிறார். அலை கொண்டுபோய், பிறகு மணலுக்குள் கிடைத்தது அது. விளிம்பு நசுங்கி, அந்த இடத்தில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. “மினுக்கிவிட்டு எடுப்போமா?” என்று கேட்டோம். “வேண்டாம், அந்தப் பச்சையும் எங்கட கதைதான்” என்றார். படத்தின் முன் நின்று பாருங்கள்.

தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் போனில் ஆயிரம் முகங்கள் இருக்கின்றன. இன்றைக்கே அம்மம்மாவின் பன்பாயையும் பாக்குவெட்டியையும் எடுங்கள். யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஒரு பிரதியைக் கடலுக்குத் தூரத்திலுள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். அடுத்த நூற்றாண்டு மலரைத் தயாரிப்பவர்கள் நிறத்துக்காக வாதாட வேண்டியிராது.